ஜூலியின் குட்டிகளை வாங்கியவர்களுக்கு

இரத்தம் உறையாத நோயைக் குட்டிகளுக்குக் கடத்தும் ஒரு பெட்டை நாயை, அது கடத்தும் என்று தெரிந்த பிறகும் நான் சினைக்கு விட்டேன். பிறந்த குட்டிகளைக் கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரை கரையோரமாக விற்றேன். வாங்கிய ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. குட்டிக்கு என்ன வருத்தம் என்று கேட்டு வந்தவரிடம் பொய்யும் சொன்னேன். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அல்சேஷன் குட்டிக்கு எப்போதும் ஆள் உண்டு. உடப்பு, ஆண்டிமுனை, முந்தல் என்று களப்பை ஒட்டி இறால் பண்ணைகள். இறால் பிடிக்கும் பருவம் நெருங்கினால் இரவில் களவு போகும். காவலுக்கு நல்ல நாய் வேண்டும். கற்பிட்டிப் பக்கம் தோட்டக்காரர்கள் கேட்பார்கள், கடற்கரை ஹோட்டல்காரர்கள் கேட்பார்கள். ஜூலியை நான் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து குட்டியாக வாங்கி வந்தேன். நல்ல உடல்வாகு, நல்ல குணம். அவளுக்கு ஒருநாளும் ஒரு வருத்தமும் வந்ததில்லை. அந்த ஆரோக்கியம்தான் என்னை முதலில் ஏமாற்றியது. பிறகு மற்றவர்களை ஏமாற்ற எனக்கும் அதுவே உதவியது.

முதல் ஈற்றில் ஓர் ஆண் குட்டி தொப்புளில் இரத்தம் கசிந்து இரண்டாம் நாளே போய்விட்டது. தாய் கொடியை அழுத்திக் கடித்திருக்கும் என்று நினைத்தேன். இன்னோர் ஆண் குட்டியை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அவனுக்குப் பல் மாறும் வயது வந்தபோது கிண்ணத்தில் வாய் வைத்தால் பால் சிவந்தது. சாக்கில் படுத்து எழும்பினால் வாய் இருந்த இடத்தில் கறை இருக்கும். விசர்நாய்த் தடுப்பூசி போட்ட மறுநாள் கழுத்தோரம் ஒரு வீக்கம். உள்ளங்கையால் பொத்தினாலும் வெளியே நிற்கிற அளவு. ஒரு கிழமை முன் இடது காலை நொண்டுவான். அது ஆறிவிட்டதென்று நினைக்கும்போது பின் வலது கால் வீங்கும். அடிபட்டதற்கான அடையாளமே இருக்காது.

நாய்க்கு இரத்தம் வடிந்தால் இந்தக் கரையில் சொல்லுவதற்கு மூன்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடத்தும் கிருமி இரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடும். இரண்டாவது புடையன், அதாவது கண்ணாடி விரியன். அதன் விஷம் இரத்தத்தில் உள்ள உறைவுப் பொருட்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும். மூன்றாவது எலி மருந்து. அது விற்றமின் கே வேலை செய்யாமல் தடுக்கும். மூன்றும் உண்மையானவை, மூன்றாலும் இங்கே நாய்கள் சாகின்றன. அதனால் நான்காவதாக ஒரு காரணத்தை யாரும் தேடுவதில்லை. நானும் தேடவில்லை. தேடியவர் மிருக வைத்தியர்தான்.

பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரிகளில் செய்யும் சோதனையைத்தான் அவர் முதலில் செய்தார். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். என் குட்டியின் இரத்தம் தண்ணீராகக் குழாயின் வாய்வரை ஓடி வந்தது. பாம்பு கடித்த அடையாளமும் இல்லை, உண்ணிக் காய்ச்சலும் இல்லை. மாதிரியை வெளியே அனுப்பிப் பார்த்ததில் தட்டுகள் சரியாகவே இருந்தன. எட்டாம் உறைவுக் காரணிதான் இல்லை. ஹீமோபீலியா ஏ. மனிதருக்கு வரும் அதே நோய்.

டொக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். எட்டாம் காரணிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ். அது பழுதானால் நோய். பெட்டைக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஜூலி நன்றாக இருந்தாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குட்டிக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பெட்டைக் குட்டியும் தாயைப் போலவே நோயைச் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. “தம்பி, ஜூலிக்கு இனிக் குட்டி வேண்டாம். வித்த குட்டிகளின் ஆட்களுக்கும் சொல்லிவிடுங்க,” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு இடமே இல்லை. அந்த ஆண் குட்டி ஒரு வயதாகும் முன்னே வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து செத்தான்.

அதற்குப் பிறகு இரவில் போனில் வாசிக்கத் தொடங்கினேன். இந்த நோய்க்கு மரபணுச் சிகிச்சை இருக்கிறது என்றும், அது நாய்களில்தான் வளர்ந்தது என்றும் கண்டபோது எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இன்றும் மறுக்கமாட்டேன். வாசிக்க வாசிக்க வியப்பாக இருந்தது. 1947ல் அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில், சேப்பல் ஹில் என்ற ஊரில், கென்னத் பிரிங்கஸ் என்பவர் ஐரிஷ் செட்டர் இன நாய்களைக் கொண்டு ஹீமோபீலியா நாய்களின் கூட்டம் ஒன்றை வளர்க்கத் தொடங்கினார். நோயுள்ள ஆணையும் நோயைச் சுமக்கும் பெட்டையையும் சேர்த்து, நோயுள்ள பெட்டை நாய்களையே பிறக்க வைத்து 1950ல் எழுதினார்கள். பெண்ணுக்கு இந்த நோய் வராது என்று நம்பியிருந்த காலம் அது. பிளாஸ்மாவை எப்படிப் பயன்படுத்துவது, உறைவுக் காரணியை எப்படி அளப்பது என்று மனிதருக்குப் பயன்பட்ட எத்தனையோ பாடங்கள் அந்த நாய்களின் இரத்தத்திலிருந்து வந்தவை. கனடாவில் கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது.

1993ல் மார்க் கேயும் கூட்டாளிகளும் ஒன்பதாம் காரணி இல்லாத ஹீமோபீலியா பி நோயுள்ள நாய்களின் ஈரலுக்குள், ஒரு வைரஸின் உதவியோடு, அந்தக் காரணிக்கான மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிடைத்த காரணியின் அளவு மிகச் சொற்பம். ஆனாலும் மாதக்கணக்கில் நின்றது. 1999ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏஏவி என்ற சிறு வைரஸைப் பயன்படுத்தி அதே நோயுள்ள நாய்களில் இன்னும் நீண்டகாலப் பலன் கண்டன. அந்த வைரஸின் சொந்த மரபணுவை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் நமக்கு வேண்டியதை வைத்து இரத்த நாளம் வழியே ஏற்றுவார்கள். அது ஈரல் கலங்களுக்குள் போய் இறக்கிவிடும். சின்ன வள்ளம் அது. ஏறக்குறைய 4,700 மரபணு எழுத்துகளுக்கு மேல் சுமை தாங்காது. எட்டாம் காரணியின் செய்தியோ 7,000 எழுத்துகள். நடுவில் தேவையில்லாத ஒரு பெரும் பகுதியை வெட்டியெடுத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஹீமோபீலியா ஏ பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். 1996ல் வெண்புள்ளி வைரஸ் வந்து எங்கள் மாவட்டத்து இறால் பண்ணைகளை அழித்ததைக் கண்டவன் நான். வைரஸ் என்றால் அழிவு என்று மட்டுமே தெரிந்திருந்த எனக்கு, அதையே மருந்து சுமக்க வைக்கலாம் என்பது பெரிய செய்தி.

பிறகு 2016ல் வந்த ஒரு கட்டுரை. என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் கேலனும் மற்றவர்களும் எழுதியது. ஆய்வுக்கூடத்து நாய்கள் இல்லை, வீட்டில் வளர்ந்த இரண்டு நாய்கள். கடும் ஹீமோபீலியா ஏ. இரண்டுக்கும் ஈரல் வழியான மரபணுச் சிகிச்சை கொடுத்தார்கள். இரத்தத்தில் எட்டாம் காரணி ஆரோக்கியமான நாய்க்கு இருப்பதில் 1 முதல் 2 வீதம் வரைதான் எழும்பியது. ஆனால் வரவேண்டிய இரத்தக் கசிவுகளில் 90 வீதம் வரவே இல்லை. ஒரு வீட்டு நாய், தன் முற்றத்தில் ஓடி, கால் வீங்காமல் வீடு திரும்புகிறது. இதைவிட நான் வேறென்ன கேட்பேன்?

நான் கேட்டது வேறு. அந்த 90 வீதத்தை மட்டும் எடுத்து மனதுக்குள் வைத்துக்கொண்டேன். மருந்து வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கு அமெரிக்காவில், நாளைக்குக் கொழும்பில், இப்போது பிறக்கும் குட்டி வளர்வதற்குள் ஏதாவது வழி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலி அடுத்த முறை ஹீட்டுக்கு வந்தபோது ஆண் நாயிடம் கொண்டுபோய் விட்டேன். அந்த நேரம் வீட்டில் பணத்துக்குக் கஷ்டம்தான். அதைக் காரணமாகச் சொன்னால் பாதிப் பேர் மன்னித்துவிடுவார்கள், அதனால்தான் அதைச் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. பணம் இருந்திருந்தாலும் விட்டிருப்பேன். நல்ல நாய் வளர்ப்பவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. ஜூலியின் குட்டிகளால்தான் அந்தப் பெயர் வந்தது.

குட்டிகளை எட்டுக் கிழமையில் விற்றுவிடுவேன். அப்போது பல் மாறத் தொடங்கியிருக்காது. விளையாடும்போது காயப்படும் அளவுக்குப் பாரமும் வந்திருக்காது. நோய் தன்னைக் காட்டும் முன் குட்டி என் முற்றத்தை விட்டுப் போய்விடும். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

பெட்டைக் குட்டிகள் விஷயத்தில் நான் செய்தது இதைவிடப் பெரிய பாவம். ஆண் குட்டிக்கு நோய் வந்தால், அதை இனவிருத்திக்கு விடாதவரை, அது ஒரு நாயோடு முடிந்துவிடும். பெட்டை ஒன்றுமே காட்டாமல் வளர்ந்து, குட்டி போட்டு, அதன் பெட்டைக் குட்டிகள் குட்டி போட்டு, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல் நோய் போய்க்கொண்டே இருக்கும். இது கற்பனை இல்லை. ஜேர்மனியில் பெயர் வாங்கிய கான்டோ ஃபொன் டேர் வீனராவ் என்ற ஓர் ஆண் அல்சேஷனின் மகள்கள் வழியாகத்தான் ஹீமோபீலியா ஏ பல நாடுகளின் அல்சேஷன்களுக்குள் பரவியது என்று பரம்பரைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் அதன் அழகையும் நடையையும் விரும்பி அதன் இரத்தத்தைத் தேடிப் போனார்கள். ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் இனவிருத்திக்கு விடும் ஆண் அல்சேஷனுக்கு இந்தப் பரிசோதனையை அங்குள்ள அல்சேஷன் அமைப்பு கேட்கிறது. இவ்வளவையும் வாசித்திருந்தேன். வாசித்துவிட்டும் என் பெட்டைக் குட்டிகளை ‘குட்டி எடுக்க நல்ல சாதி’ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றேன்.

முந்தல் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில் காவலுக்கு நிற்கும் ஒரு பையன் அந்த ஈற்றில் ஓர் ஆண் குட்டி வாங்கினான். டைகர் என்று பெயர் வைத்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. குட்டி ஏழெட்டு மாதமாக இருக்கும்போது போன் பண்ணினான்.

“அண்ணன், டைகருக்கு முன்னங்கால் வீங்கிப்போச்சு. காலை ஊன்றுறான் இல்ல. அடியும் படல்ல.”

அந்த வினாடியே எனக்குத் தெரியும். மூட்டுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது. செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரியும்: அசையாமல் கிடத்த வேண்டும், ஊசி தசையில் போடக்கூடாது, ஹீமோபீலியா என்று டொக்டரிடம் சொல்லி, ஆரோக்கியமான நாயிடமிருந்து எடுத்த பிளாஸ்மாவோ புது இரத்தமோ ஏற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். எட்டாம் காரணி உடம்பில் நெடுநேரம் நிற்காது, அரை நாளுக்குள் பாதியாகிவிடும், ஆகவே திரும்பவும் ஏற்ற வேண்டிவரும். இவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது: “உண்ணிக் காய்ச்சலா இருக்கும் தம்பி. ஊசி ஒண்டு போட்டா சரியாயிடும்.”

அவன் நான் சொன்னதையே போய்ச் சொல்லி உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போடுவித்தான். அந்த ஊசி தசையில் போடுவது. போட்டவர் மேல் ஒரு பிழையும் இல்லை. இந்தப் பகுதியில் பத்தில் ஒன்பது நாய்க்கு அதுதான் சரியாக இருந்திருக்கும். இரவுக்குள் பின் தொடை இறுகி, தோல் பளபளத்து, முழங்கால் வரை வீங்கியது. விடியப்புறம் பையன் மறுபடி போன் பண்ணினான். “ஈறெல்லாம் வெள்ளையாப் போச்சு அண்ணன். மூச்சு வேகமா வாங்குறான்.” அப்போதும் நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து டைகரைப் புதைத்த கதையைச் சொல்லி, அவனைப் போல அறிவுள்ள நாய் கிடையாது, அதே தாயின் குட்டி இன்னொன்று வேண்டும் என்று கேட்டான். பாதி விலைக்கு ஒரு பெட்டைக் குட்டியைக் கொடுத்தேன். பெட்டைக்கு நோய் வராது, அவன் இனி அழமாட்டான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பழைய கட்டுரைகளை என்னால் முன்போல வாசிக்க முடியவில்லை. சேப்பல் ஹில்லிலும் நோய் வரும் என்று தெரிந்தே நாய்களைப் பெருக்கினார்கள். ஒவ்வொரு குட்டியையும் எழுதி வைத்தார்கள், இரத்தம் வடிந்த ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்தார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். அந்த எழுத்திலிருந்துதான் மருந்து வந்தது. நானும் தெரிந்தே பெருக்கினேன். யார் வாங்கினார், எந்தக் குட்டி, ஆணா பெண்ணா என்று ஒரு கொப்பிகூட வைக்கவில்லை. எழுதி வைத்தால் பொறுப்பு வரும் என்று எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மருந்தின் உண்மை நிலையையும் அப்போதுதான் நேராகப் பார்த்தேன். அந்த இரண்டு வீட்டு நாய்களுக்குக் கிடைத்தது ஆய்வின் பகுதியாகக் கிடைத்தது. நாய்களுக்கென்று கடைக்கு வந்த ஹீமோபீலியா மரபணு மருந்து எதுவும் கிடையாது. மனிதருக்கு வந்திருக்கிறது: 2022ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெம்ஜெனிக்ஸ், அப்போது ஒரு தடவைக்கு 35 இலட்சம் டொலர். அடுத்த வருடம் ஹீமோபீலியா ஏ உள்ளவர்களுக்கு ரொக்டேவியன். நமக்குப் பக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு நோயாளியின் சொந்தக் குருத்துக் கலங்களையே எடுத்து மரபணு சேர்த்துத் திரும்ப ஏற்றி, கடும் ஹீமோபீலியா ஏ உள்ள ஐந்து ஆண்களுக்குச் சிகிச்சை கொடுத்தது. சிகிச்சைக் கலங்கள் உடம்பில் ஊன்றிய பிறகு ஐவருக்கும் இரத்தக் கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நாய்களையும் மறக்காமல் இருக்கிறார்கள்: 2021ல் டெனிஸ் சபட்டினோவின் குழு, சிகிச்சை பெற்ற ஒன்பது நாய்களைப் பத்து வருடம் வரை தொடர்ந்து பார்த்து, பலன் நிலைத்திருப்பதையும், சிலவற்றின் ஈரலில் மரபணு ஏறிய கலங்கள் கூட்டமாகப் பெருகியிருப்பதையும், புற்றுநோய் எதுவும் காணப்படாததையும் எழுதியது. அவசரப்படாமல், தெரிந்ததையும் தெரியாததையும் மறைக்காமல் சொல்லும் அந்த நேர்மை எனக்கு வேண்டும். அவர்களின் பல வருட உழைப்பை நான் என் வாயை மூடிக்கொள்ளப் பயன்படுத்தினேன். என் முற்றத்தில் அந்த நோயை நிறுத்துவதற்கு வைரஸும் வேண்டாம், டொலரும் வேண்டாம். ஜூலியைச் சினைக்கு விடாமல் இருந்தால் போதும்.

ஜூலிக்குக் கருப்பை எடுத்தாயிற்று. ஒபரேஷனுக்கு முன்னே டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை, அவளுடைய உறைவு நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். பிறகு குட்டி வாங்கியவர்களைத் தேடிப் போனேன். முதலில் போனது முந்தல் பண்ணைக்கு. பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில், “அப்ப அந்த ஊசி?” என்று மட்டும் கேட்டான். ஓம், அந்த ஊசியால்தான், நான் சொன்னதால்தான் என்றேன். போகச் சொன்னான். பெட்டைக் குட்டியை என்ன செய்வதென்று பிறகு அவனாகவே போன் பண்ணிக் கேட்டான்.

கண்டுபிடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கண்டக்குழிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு வாங்கிக்கொண்டு போனவர், சிலாபத்துப் பஸ் நிலையத்தில் வைத்துக் குட்டியை வாங்கிய தம்பதிகள், பாலாவியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இருவர். அவர்களின் கண்ணில் இது படவேண்டும்.

என்னிடம் வாங்கியது ஆண் நாயாக இருந்தால், இதுவரை ஒன்றும் காட்டாவிட்டாலும் இரத்தம் உறையும் நேரத்தை ஒருமுறை பார்ப்பியுங்கள். எந்த டொக்டரிடம் போனாலும் ‘இதன் தாய் ஹீமோபீலியா கடத்தும் நாய்’ என்று ஊசிக்கு முன்னே சொல்லுங்கள். தசையில் ஊசி வேண்டாம். தடுப்பூசியைத் தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் போடச் சொல்லி, போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கால் வீங்கினால் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். கிடத்திவிட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். ஆண் நாய்க்கு நோய் இருந்தால் அதைச் சினைக்கு விடாதீர்கள்: அதன் மகள்கள் அத்தனை பேரும் நோயைச் சுமப்பார்கள். பெட்டையாக இருந்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் குட்டி எடுக்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்தக் குட்டிகள் யாரிடம் போயின என்று எழுதி வைத்து அவர்களுக்கும் சொல்லுங்கள். கருப்பை எடுக்கும் செலவு என்னுடையது. குட்டிக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டாலும் தருவேன்.